ஆளில்லாத வீடுகளைக் கூப்பிடுவது

தபால் கார்டின் கடைசி வரியைக் கிருபாபாய் மூன்று முறை படித்தாள். முதல் இரண்டு முறையும் அவளுக்குத் தன் கண் மேல்தான் சந்தேகம்.

'நான்காம் வீட்டு கேட் துருப்பிடித்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் முன்னைவிடக் கரிக்கிறது. எட்டாம் வீட்டுச் சுவரில் வெள்ளை உரிகிறது. பொழுது சாய எல்லா வீடுகளையும் கூப்பிட்டேன். ஏழாம் வீட்டில் பதில் வந்தது.'

எழுதியவன் அவளுடைய அண்ணன் மாணிக்கராஜ். சங்கரன்கோவில் வியாபாரிகள் பதினொரு பேர், திருச்செந்தூரில் இறங்கி இன்னொரு பஸ் ஏறிப் போகிற ஒரு கடற்கரையில், லீவுக்குத் தங்குவதற்கென்று ஆளுக்கொரு வீடு கட்டியிருந்தார்கள். பன்னிரண்டாவதாகக் கட்டிய வீடு மட்டும் விலை போகவில்லை. கோடையில் ஒரு மாதம் பிள்ளைகுட்டிகளோடு கலகலக்கும் அந்த நகர், மற்ற மாதமெல்லாம் பூட்டியே கிடக்கும். மாணிக்கராஜ்தான் காவல். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஆபீஸ் இங்கே சங்கரன்கோவிலில், தெற்கு ரத வீதியில், செயலாளர் சங்கரசுப்பிரமணியனின் நூல் கடை மாடியில் இருந்தது. பகலில் கிருபாபாய் அங்கே எழுத்து வேலை பார்த்தாள். சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு. வாரம் ஒரு முறை அண்ணன் போடும் கார்டிலிருந்து பராமரிப்புச் செய்திகளை எடுத்து, ஸ்டென்சில் வெட்டி, மாதச் சுற்றறிக்கை தயாரிப்பது அவள் பொறுப்பு.

கூப்பிடுகிற யோசனையும் அவளுடையதுதான். தை மாதம் இரண்டு வீடுகளில் பித்தளைக் குழாய்களைத் திருடன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்காகக் கூடிய கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள், சொல்லலாமா வேண்டாமா என்று வெகுநேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லச் சொன்னாள்.

"பொழுது சாயும்போது ஒவ்வொரு வீட்டு முன்னாலயும் நின்னு, அந்தந்த அண்ணாச்சி பேரச் சொல்லிக் கூப்பிட்டா, உள்ள ஆள் இருக்குன்னு நெனச்சு திரும்பிப் போயிருவானுவ."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு அதையே தீர்மானமாகப் போட்டார்கள்.

இப்போது கார்டைப் பார்த்தும் செயலாளர் சிரித்தார். "ஏழாம் வீடா? நம்ம தங்கசாமி வீடுல்லா! அவன் எதுத்தாப்புல உக்காந்திருக்கும்போது கூப்பிட்டாலே என்னன்னு கேக்க மாட்டான். வீடாவது பதில் சொல்லுதே!" பிறகு கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஒங்க அண்ணனுக்குக் கடக்காத்து மண்டைக்குள்ள புகுந்துட்டு போலுக்கும்மா. இத ஸ்டென்சில்ல ஏத்திராத."

அவள் ஏற்றவில்லை. டைரியில் மட்டும் எழுதிக்கொண்டாள். நாள், கார்டில் இருந்த தேதி, வந்த செய்தி. அடியில், வழக்கமாக எழுதும் வரி: 'நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம்.'

ஏழாம் வீட்டுத் தங்கசாமி இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தது. வாயைத் திறந்தார், மூடினார். உதடுகள் அசைந்தன, காற்றுகூட வெளியே வரவில்லை. பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். 'இரண்டு நாளாகக் குரல் கட்டியிருக்கிறது. டாக்டர் தொண்டையில் ஒன்றும் இல்லை என்கிறார்.'

அடுத்த கார்டு புதன்கிழமை வந்தது. 'ஒன்பதாம் வீட்டிலும் பதில் வருகிறது. இந்தா வாரேன் என்று தாவூது பாய் குரல். வந்திருக்கிறாரோ என்று பூட்டைப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருக்கிறது.'

தாவூது பாய்க்குப் பஜாரில் ஜவுளிக் கடை. அவர் கடைக்குள்ளிருந்து விலை சொன்னால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்பார்கள். கிருபாபாய் அன்று வகுப்புக்குப் போகிற வழியில், வேண்டுமென்றே அந்தக் கடை முன்னால் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு நடந்தாள். அவர் கல்லாவில் இருந்தார். எதிரே நின்ற ஆளிடம் கையை ஆட்டி, கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்கப் பேசிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை.

வகுப்பில் அவள் விரல்கள் தப்பான எழுத்துகளிலேயே விழுந்தன. ஜன்னலுக்கு வெளியே ஊர் முழுக்கத் தறிகள் ஓடின. அந்தச் சடக் சடக் சத்தமும், பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த வாடையும் எப்போதும் உள்ளவைதான். ஆனால் கடலுக்கு எத்தனையோ மைல் தள்ளி, மழை காணாமல் காய்ந்து கிடக்கும் இந்த ஊரில், அன்றைக்கு அவள் உதட்டை நக்கியபோது உப்புக் கரித்தது. வேர்வையாக இருக்கலாம். டைரியைப் பிரித்துத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஏழாம் வீடு பதில் சொன்ன மறுநாள் தங்கசாமிக்குக் குரல் போயிருந்தது. ஒன்பதாம் வீடு பதில் சொன்ன மறுநாள் தாவூது பாய்க்கு. தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்று எழுதப் போனாள். எழுத வரவில்லை.

அண்ணனுக்குக் கடிதம் எழுதினாள். யாரையும் கூப்பிட வேண்டாம். காவல் வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான், கூப்பிடச் சொன்னதும் அவள்தான். அவனுக்கு ஏதாவது ஆனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

பதில் கார்டு அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலத் தபாலில் வந்தது. 'தீர்மானத்தில் உள்ள வேலையை நானாக நிறுத்தினால் சங்கத்தில் கேட்பார்கள். இப்போது மூன்றாம் வீடும் பதில் சொல்கிறது. முன்பு உள் அறையிலிருந்து வந்த குரல்கள் இந்த வாரம் வாசல் கதவுக்கு நேர் பின்னாலிருந்து வருகின்றன. பன்னிரண்டாம் வீட்டுக்கு உரிமையாளர் இல்லாததால் அதைக் கூப்பிடுவதில்லை. அது ஒன்றுதான் நிம்மதி. இனி குரல் கேட்டால் கதவைத் திறந்து பார்த்துவிடப் போகிறேன்.'

மூன்றாம் வீடு செயலாளருடையது.

கார்டோடு மாடிப்படி இறங்கி ஓடினாள். சங்கரசுப்பிரமணியன் நூல் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். திறந்தது திறந்தபடியே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கார்டை வாங்கிப் படித்துவிட்டு, பில் புத்தகத்தைத் திருப்பி அதன் பின்பக்கம் கிறுக்கினார். 'நீ பேசு. அவனை இப்பவே கிளம்பி வரச் சொல்.' எப்போதும் பூட்டி வைத்திருக்கும் டெலிபோனை அவள் பக்கம் தள்ளினார்.

கடற்கரை நகரில் காவல்காரர் அறைக்குப் போன மாதம்தான் ஃபோன் வந்திருந்தது. அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே, பத்தடியில், பன்னிரண்டாம் வீட்டு வாசல்.

ஐந்து மணிக்கு அர்ஜென்ட் டிரங்க் கால் புக் செய்தாள். ஐந்தரை. ஆறு. தெருவில் வெயில் சிவந்து, சாம்பலாகி, சுவர்களை விட்டு இறங்கியது. இரண்டு பேரும் டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு இருபதுக்கு மணி அடித்தது.

"லைன் இருக்கு, பேசுங்க," என்றாள் ஆபரேட்டர்.

"ஹலோ, யாரு?" அண்ணன் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

"அண்ணே, நான்தான், கிருபா!"

"யாரு? ஒண்ணும் கேக்கல. சத்தமாப் பேசுங்க."

"கிருபாண்ணே! கடைசி பஸ்ஸப் பிடிச்சுக் கெளம்பி வந்திரு. யாரையும் கூப்பிடாத. கதவத் தொறக்காத!"

கரகரப்பு. அதற்குப் பின்னால் அலைச் சத்தம். பிறகு அவன் சிரித்தான்.

"ஏட்டி, கிருபாவா? லைன் சரியில்லட்டி." டிரங்க் காலில் எல்லோரும் கத்துவது போல அவனும் கத்தினான். "கிருபா! ஏ கிருபா! கேக்குதா? கிருபா!"

பொழுது சாய்ந்திருந்தது. அவன் ஜன்னலோரம் நின்றிருப்பான். எதிரே, இதுவரை ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிடாத வீடு.

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"கேக்குதுண்ணே."

அவள் சொல்லவில்லை. அது அவள் குரல்தான். ஆனால் அங்கிருந்து வந்தது. அண்ணனுக்கும் அந்தப் பக்கம்.



"ஏட்டி..." அண்ணன் குரல் இறங்கியிருந்தது. "நீ எங்கன இருந்து பேசுதே?"

"இங்கனதாண்ணே. வீட்டுக்குள்ள. இருட்டா இருக்கு. கதவத் தொற." அந்தக் குரல் விசும்பியது.

கிருபாபாய் கத்தினாள். தொண்டை வலித்தது. நரம்பு இழுத்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடியும். ஒன்றுமில்லை. ரிசீவரை மேஜையில் அடித்தாள். அடித்தாள். எதிரே செயலாளர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடி மெல்ல எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

"அழாதட்டி, இந்தா வந்துட்டேன்," என்றான் அண்ணன். ரிசீவரைப் பக்கத்தில் வைக்கிற சத்தம்.

மணலில் செருப்பு. பத்தடி. சாவிக்கொத்து. உப்பில் ஊறி உப்பிய கதவு ஒரு முறை முனகியது.

அலை.

அலை.

பிறகு யாரோ திரும்பி நடந்து வந்தார்கள். செருப்பில்லாமல். ஈரக் கால் சிமெண்டுத் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. ரிசீவரை எடுக்கிற சத்தம். அவள் காதோடு காதாக ஒரு மூச்சு.

"ஹலோ," என்றது அவளுடைய குரல், மெதுவாக, பிரியமாக. "யாரு பேசுதது?"