வலப்பக்கம் சாய்ந்த வள்ளம்

நாங்கள் மணற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேர வெயில் இன்னும் தணியவில்லை. நானும் என் மகன் தியாகலிங்கமும் ஒரே சைக்கிளில் போனோம். மணல் தொடங்கிய இடத்தில் இறங்கி அதை உருட்டிக்கொண்டு நடந்தோம். பாதி மணலுக்குள் புதைந்து கிடந்த பழைய தேவாலயத்தைத் தாண்டியதும் கடல் தெரிந்தது. கடலுக்கு முன்னால் ஒரு கிடுகுக் கொட்டில். அதற்குள் ஒரு நீல வள்ளம்.

எங்கள் குடும்பத்தைப் பற்றிப் பலரும் பலவிதமாகக் கதைக்கிறார்கள். அதனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மயிலிட்டியில் எங்களுக்குச் சொந்தமாக வள்ளங்கள் இருந்தன. என் தகப்பன் சம்மாட்டி, அவருடைய தகப்பனும் சம்மாட்டி. எங்கள் வீட்டு ஆண் எவனும் இன்னொருவன் வள்ளத்தில் கூலிக்கு ஏறியதில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஷெல் விழுந்தபோது உடுத்த துணியோடு ஓடினோம். மறு வருடமும் பருத்தித்துறைப் பக்கம் ஒரு வகுப்பறையில் கிடந்து, நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றோம். என் ஆண்பிள்ளைகளில் மிஞ்சியவன் தியாகு ஒருவன்தான்.

அவன்தான் ஒருநாள் சொன்னான், பருத்தித்துறைச் சம்மாட்டி மார்க்கண்டுவின் வள்ளத்தில் கூலிக்கு ஏறப்போவதாக.

"நான் உயிரோடை இருக்குமட்டும் நீ ஏறமாட்டாய்."

"அப்ப ஒரு வள்ளம் எடுத்துத் தாங்கோ ஐயா. மானத்தை அவிச்சுத் தின்னேலாது."

புது வள்ளத்துக்கு வழியில்லை. பழையதில்தான் தேடவேண்டியிருந்தது. எங்களுக்கு வேண்டியதும் லேசில் கிடைக்கிற வள்ளம் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு வலை இழுக்க வேண்டும். சண்டை இங்கேயும் வந்தால், என் மனைவி பூரணத்தையும் இவனையும் ஏற்றிக்கொண்டு கரையோரமாக முல்லைத்தீவில் இருக்கும் மகள் அருந்ததி வீடுவரை ஓட வேண்டும். வலை இழுக்க விளிம்பு தாழ்ந்திருப்பது நல்லது. நெடுந்தூரம் ஓட முகப்பு உயர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாய் அமைந்த வள்ளம் கிடைப்பது அரிது.

கொட்டிலில் நின்ற வள்ளம் அப்படி அமைந்திருந்தது.

விரல் முட்டியால் முகப்பிலிருந்து பின் பலகைவரை தட்டிக்கொண்டு போனேன். எங்கும் கணீரென்ற சத்தம். வெடிப்பு இல்லை. வெடிப்பை மறைக்கப் பூசிய புதுப் பெயின்ற்றும் இல்லை. எஞ்சினும் ஒரு துளி பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் ஒழுங்காக ஓடியது. இடுப்பளவு தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தோம்.

வள்ளம் வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

எஞ்சின் பிடிப்பவன் உட்காரும் இடத்தில், ஓர் ஆள் பாரத்துக்கு.

"அடித்தட்டுக்குள்ளை தண்ணி ஊறியிருக்கு" என்றேன். தியாகு வள்ளத்தைக் கரைக்கு இழுத்து, அடியிலிருந்த அடைப்பானைக் கழற்றினான். ஒரு சொட்டும் வரவில்லை.

வள்ளத்தை விற்க வந்த மக்டலீன் கரையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். சிவப்புச் சேலை உடுத்தியிருந்தாள். கழுத்தில் தாலிக்கொடி கிடந்தது. அவளுடைய புருஷன் சிமியோன் மாசியில் கடலுக்குப் போனவன். வள்ளம் மட்டும் தானாகவே திரும்பி வந்து இதே இடத்தில் ஏறியிருந்ததாம். கொண்டுபோன சோறு அவிழ்க்காமல் கிடந்ததாம்.

பூரணத்தின் காப்புகளை விலையாக அவள் கையில் கொடுத்தேன். அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை.

வள்ளம் கைமாறும்போது கொடுப்பவர் தம் கையால் அதைக் கடலுக்குள் தள்ளிவிட வேண்டும். அது எங்கள் வழக்கம், அவர்களுக்கும் அதுதான் வழக்கம்.

"நான் தள்ளிவிடுறன், சம்மாட்டியார்" என்றாள். "ஆனா ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடியட்டும். அவருக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத் தள்ளிவிடுறன்."

புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுடைய கை, முதல் இறக்கத்தில் எங்கள் வள்ளத்தில் படுவதா? எங்கள் வீட்டில் அப்படி நடந்ததில்லை.

"வேண்டாம் பிள்ளை. நாங்களே இறக்குவம்."

"ஏன், என்ரை கைக்கு என்ன?"

நான் அவளுடைய கழுத்தைப் பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. தாலிக்கொடியைச் சேலைக்கு வெளியே எடுத்துவிட்டாள்.

"போனவர் இன்னும் வரேல்லை. அவ்வளவுதான். நான் இதைக் கழட்டேல்லை."

தியாகு என் காதருகே குனிந்தான். "ஞாயிறுமட்டும் நிண்டால் என்ன, ஐயா?"

"நீ வாயை மூடு."

நாங்கள் இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். எஞ்சின் சத்தத்துக்கு மேலாக அவளுடைய குரல் கேட்டது.

"அப்ப, வித்தாச்செண்டு அவருக்கு ஆர் சொல்லுறது?"

முதல் பாடே நல்ல பாடு. பள்ளிக்கூடத்தில் எல்லா அடுப்பிலும் மீன் கொதித்தது. பூரணம் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். ஆனால் எஞ்சின் பக்கத்து வல இருக்கை எந்த வெயிலிலும் காயவில்லை. துடைத்தாலும் திரும்ப ஈரமாகும். தியாகு இடப்பக்கம் மாறி உட்காரப் பழகிக்கொண்டான். வள்ளத்தின் முகப்பு சற்றுக் கை தளர்ந்தால் மணற்காட்டுப் பக்கம் திரும்பும்.

ஒருநாள் காலை காற்று ஓய்ந்திருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு வலை இழுத்தோம். நான் முகப்பில் முன்னோக்கி நின்றேன். பின்னாலிருந்து சுருட்டு மணம் வந்தது.

தியாகு ஒளித்து ஒளித்துப் பீடி குடிப்பான் என்பது எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் குடிக்காததே மரியாதை என்று காணாததுபோல இருந்தேன். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் சுருட்டா?

"என்னடா, கொழுப்பு முத்திப்போச்சோ? சுருட்டைத் தூக்கி எறி!"

"பீடிக்கே வழியில்லை, இதுக்குள்ளை சுருட்டோ, ஐயா?"

அவனுடைய குரல் என் முழங்கைக்குப் பக்கத்தில் கேட்டது. இரண்டு கையாலும் வலையைப் பிடித்துக்கொண்டு அவன் என்னோடுதான் நின்றான்.

எஞ்சின் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

வள்ளம் வலப்பக்கம் சாய்ந்துதான் நின்றது.

அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அந்த வள்ளத்தை விட்டால் எங்களுக்கு வேறு என்ன இருந்தது?

ஆவணியில் பள்ளிக்கூடத்து மதிலில் ஷெல் விழுந்தது. அன்று பொழுது சாய்கிற நேரத்தில் பூரணத்தை ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் புறப்பட்டோம். விளக்கு இல்லை. நான் முகப்பில், பூரணம் நடுவில், தியாகு பின்னால். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கரையில் மணற்குன்றுகள் மங்கலாகத் தெரிந்தன.

பூரணம் என் சால்வையைப் பிடித்து இழுத்தாள்.

"இஞ்சருங்கோ. தம்பிக்குப் பக்கத்திலை ஆர் இருக்கிறது?"

"ஒருத்தருமில்லை."

"தம்பியோடை சேத்து ரெண்டு பேர் இருக்கினம்."

"கதையாதை."

சுருட்டு மணம் வந்தது. ஈரச் சுருட்டு. புகையோடு கடற்பாசியும் கலந்தாற்போல ஒரு மணம்.

முகப்பு கரைப்பக்கம் திரும்பத் தொடங்கியது. வலப்பக்கத்துக் கரை மணற்காட்டுக் கரை.

"ஐயா" என்றான் தியாகு. அவன் குரல் சின்னப்பிள்ளைக் குரலாக மாறியிருந்தது. "எஞ்சின் கைபிடியை ஆரோ பிடிச்சுக்கொண்டு நிக்கினம்."

"நல்லாப் பிடிச்சுத் திருப்பு!"

"குளிர்ந்த கை, ஐயா. என்ரை கைக்கு மேலை இருக்கு. விட்டிடுவம் ஐயா. அது போற இடத்துக்குப் போகட்டும்."

"எங்கடை வள்ளம் எங்கடை சொல்லைத்தான் கேக்கும். திருப்படா!"

அவன் என் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை. எழுந்து நின்று இரண்டு கையாலும் கைபிடியைத் தள்ளினான்.

வள்ளம் ஒருமுறை உதறியது.

பிறகு பார்த்தால் பின்னால் வானம் மட்டும்தான் இருந்தது.

விழுந்த சத்தம் கேட்கவில்லை. கூப்பிட்ட சத்தமும் இல்லை. பூரணம் "தம்பி, தம்பி" என்று தண்ணீருக்குள் கைவிட்டு அளைந்தாள். நான் தவழ்ந்துபோய்க் கைபிடியைப் பிடித்தேன். அது அசையவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். அது நிற்கவில்லை.

வள்ளம் நேராக மணற்காட்டுக் கரைக்குப் போய், நாங்கள் முதன்முதல் தள்ளி இறக்கிய அதே இடத்தில் ஏறியது.

மக்டலீன் அரிக்கன் லாம்போடு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்த பூரணத்தையும் பார்க்கவில்லை. லாம்பை உயர்த்தி வள்ளத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"வந்திட்டியளோ" என்றாள்.

லாம்பைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உது அண்டைக்கு வந்த பெடியனெல்லே, உங்களோடை? விறைச்சுப்போய் இருக்கிறானே."

மணற்காட்டு வள்ளங்களெல்லாம் போய்த் தேடின. அவன் கிடைக்கவில்லை.

நாங்கள் அங்கேயே தங்கிவிட்டோம். பயத்தில் ஒடுங்கிப்போனோம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பூரணமும் மக்டலீனும் பொழுது படும் நேரத்தில் கரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வள்ளம் பழைய கொட்டிலில் கிடந்தது.

வீட்டில் அடுப்பு எரியவேண்டும். மார்க்கண்டு வள்ளத்தை வாங்க வந்தான். தட்டிப் பார்த்தான். தண்ணீரில் மிதக்கவிட்டான். சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அருமையான வள்ளம், சம்மாட்டியார். வலப்பக்கம் சரியும் எண்டு சனம் சும்மா கதைச்சிருக்கு. வந்து பாருங்கோ, ரெண்டு பக்கமும் ஒரே அளவாய் நிக்குது."

நான் பார்த்தேன். வெறும் வள்ளம், நீர்மட்டம் வைத்தாற்போல நேராக நின்றது.

"ஞாயமானதைத் தாறன். ஒருக்கால் கைவைச்சுத் தள்ளிவிடுங்கோ. உங்கடை வாயாலையும் ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ."

தண்ணீருக்குள் இறங்கினேன். கையைத் தூக்கினேன்.

என்ன சொல்லித் தள்ளுவது? யாரை இறங்கச் சொல்வது?

"வேண்டாம்" என்றேன். "விக்கேல்லை."

மார்க்கண்டு ஏதோ முணுமுணுத்தபடி மணலேறிப் போய்விட்டான். நானும் முதுகை நிமிர்த்திக்கொண்டு கரைப்பக்கம் திரும்பினேன்.

பின்னால் சுருட்டு மணம் எழுந்தது. அதோடு சேர்ந்து, அடக்கமாக, பீடி மணம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் பீடியை அணைத்துவிடுவான். எனக்கு முன்னால் அவன் ஒருநாளும் குடித்ததில்லை.