முத்திரை விழும் முன்

யாரும் தொடாத டிஸ்க் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. மழை இருட்டிய பிற்பகல். கூடமெங்கும் காயாத துணியின் வாடை. மூலையில், குடும்பப் படங்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்த சின்னப் பெட்டிக்குள்ளிருந்து, எலி மரத்தைக் கொறிப்பதுபோல விடாத கரகரப்பு. சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. லீவு நாளிலுமா என்று அலுத்துக்கொண்டே லேப்டாப்பில் பெட்டியின் ஜர்னலைத் திறந்தாள்.

எதைச் செய்வதானாலும் டிஸ்க் முதலில் ஜர்னலில் குறித்துக்கொள்ளும். குறிப்பு முடிந்து முத்திரை விழுந்துவிட்டால், நடுவில் கரண்ட் போனாலும் திரும்பி வந்து அதை முடித்தே தீரும். முத்திரை விழாததைத் தூக்கிப் போட்டுவிடும்.

கடைசிக் குறிப்பில் இருந்தது அவள் கணவனின் போல்டர். டிஸ்கில் அது குடியிருந்த இடத்துண்டுகளான பிளாக்குகள் அத்தனையையும் காலி செய்யச் சொல்லி, முத்திரையும் விழுந்திருந்தது.

"என்னங்க, உங்க போட்டோவை எல்லாம் அழிச்சிட்டீங்களா?"

சமையலறையில் அதுவரை கேட்ட பாத்திரச் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தாள். குழாய் திறந்தபடி ஓடியது, நுரையோடு பாதி கழுவிய தட்டு, ஆள் இல்லை. வாசலில் அவன் செருப்பில்லை. அலமாரியில் அவன் சட்டைகள் தொங்கிய பாதி வெறும் பலகையாக இருந்தது.

மகள் தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சேட்டைக்காரி, வீட்டில் அவளுக்கு 'வாலு' என்றுதான் பெயர்.

"வாலு, அப்பா எங்கடி?"

"எந்த அப்பா?"

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். குழந்தையின் முகத்தில் சிரிப்பே இல்லை. அவள் ஓடி வந்து திரையைப் பார்த்தாள். புதுக் குறிப்பு ஒன்று வரிவரியாக நீண்டுகொண்டிருந்தது. மகளின் போல்டர்.

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

கரகரப்பு அடங்கியது. மகளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். இருந்தாள். சூடாக, கனமாக, மெழுகு வாசனையோடு இருந்தாள். கடவுளே, இவளாவது இருக்கிறாளே.

அவனையும் மீட்டுவிடலாம் என்று தோன்றியது. காலி செய்த பிளாக்குகளில் பழையது அப்படியேதான் கிடக்கும், வேறு யாருக்காவது அந்த இடத்தை ஒதுக்கும்வரை. டிஸ்கைத் திறக்காமல் முதலில் நகலெடுக்க வேண்டும். ஆபீசில் புதிதாக வருகிறவர்களிடம் அவள் தலைபாடாக அடித்துக்கொள்வது அதைத்தான். நகலெடுக்க ராத்திரியாகிவிடும். அதுவரை அவன்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரு கையால் மகளை அணைத்தபடி, டிஸ்கைக் கழற்றி ஒரு கேபிளால் லேப்டாப்பில் மாட்டி, 'படிக்க மட்டும்' என்று திறந்தாள்.

திறந்த பிறகே உறைத்தது. படிக்க மட்டும் என்றாலும், ஜர்னலில் மிச்சமிருப்பதை முடித்துவிட்டுத்தான் டிஸ்க் திறக்கும்.

மகளின் குறிப்பு. அதில் முத்திரை விழுந்திருந்ததா? பார்க்கவில்லை. பாவி, பார்க்காமலே பிடுங்கிவிட்டாள்.

"அம்மா, இறுக்காதம்மா. வலி..."

மடி லேசானது.

கை காற்றை அணைத்திருந்தது. திரையில் ஒரே ஒரு வரி: மீட்பு முடிந்தது.

மறுபடி கரகரப்பு. படிக்க மட்டும் திறந்த டிஸ்கில் யாராலும் எழுத முடியாது. எழுதிக்கொண்டிருந்தது. அவனுடைய இடம், மகளுடைய இடம், இரண்டையும் சேர்த்து ஒரே கோப்புக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தது. பெயர் இல்லை. வளர்ந்தது. இன்னும் வளர்ந்தது.

"வேண்டாம். அது என் குழந்தை இடம். குடுத்துடு."

கேபிளை அறுத்து எறிந்தாள்.

அமைதி. மழை மட்டும்.

மடி கனத்தது. குழந்தையைவிடக் கனம். சில்லென்று இருந்தது. அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

"அம்மா" என்றது.

மெல்லத் திரும்பியது. முகம் பாதிதான் எழுதப்பட்டிருந்தது.