கம்பி விழுங்கிய மரம்

காலையில் விளிம்புவரை நிரப்பிய தட்டு மதியத்துக்குள் வறண்டு கிடந்தது. காகிதப்பட்டை மரம் சதுப்பில் பிறந்த சாதி, குள்ள மரமாகப் போன்சாய் ஆக்கிய பிறகும் தொட்டியோடு தண்ணீரில் நின்றால்தான் அதற்குத் திருப்தி, கோடையில் மாடு போலக் குடிக்கும் என்பதெல்லாம் நெரிடாவுக்குத் தெரியும். ஆனால் இது அக்டோபர்; இந்தத் தென்கோள ஊரில் வசந்தமே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அதோடு, வாளியுடன் அவள் நிழல் வலைக்கு அடியில் இருந்த தாழ்ந்த மேசைமீது குனிந்தபோது காதருகே யாரோ மிடறு விழுங்கினார்கள்.

கைபேசி அடித்தது. கணவன் கிளெம்.

"கம்பியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"தடவிப் பாத்தியா, சும்மா எட்டிப் பாத்தியா? வசந்தத்துல பட்டை உப்பும்டி. மேல ஒண்ணும் தெரியாது, உள்ள கம்பி கடிச்சிட்டு இருக்கும்."

"தடவித்தான் பாத்தேன்."

"நாளைக்குக் கண்காட்சி. தழும்பு கிழும்பு இருந்துச்சுன்னா..." சிரித்தான். "இன்னும் ஒன்பது விரல் நல்லாத்தான இருக்கு உனக்கு?"

போன வருடம் ஒரு கன்றை வெயிலில் மறந்ததற்காக அவளுடைய சுண்டுவிரலை, கிளையை வளைப்பது போலவே வளைத்தான் கிளெம். அவசரமே இல்லாமல், காதைப் பக்கத்தில் வைத்து, நார் விடும் சத்தத்துக்காகக் காத்திருந்து. மருத்துவமனையில் கார்க் கதவு நசுக்கியது என்று நெரிடா சொன்னாள். கதவைச் சாத்தியது யார் என்று கேட்டால் சொல்வதற்கும் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாள்.

இப்போதுதான் உண்மையில் தடவினாள். கம்பி இல்லை. கிளையை வளைத்து வடிவமைக்க அடிமரத்திலிருந்து கீழ்க்கிளைவரை கிளெம் சுற்றியிருந்த தடித்த கம்பி மொத்தத்தையும் பஞ்சு போன்ற பட்டை மூடி விழுங்கியிருந்தது. அவன் வருவதற்குள் அதைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, உரித்த பட்டையை ஈரம் காட்டி ஒட்டிவிடலாம். முக்காலியை இழுத்துப் போட்டு உரிக்கத் தொடங்கினாள்.

சாம்பல் தாள், அதனடியில் வெண்ணெய் நிறத் தாள், அதனடியில் இளஞ்சிவப்பு. தேவாலயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாட்டுப் புத்தகம் புரட்டுவது போன்ற சரசரப்பு. முதலில் தைல வாசனை வந்தது, பிறகு சேற்று வாசனை, அதற்கும் அடியிலிருந்து, தூங்குகிறவரின் கழுத்தில் முகம் வைத்தால் வரும் வெதுவெதுப்பான வாசனை. கட்டையைத் தொடவேண்டிய ஆழம் எப்போதோ தாண்டிவிட்டது. இன்னும் தாள். இன்னும் தாள்.

கம்பி மின்னியது.

அது பதிந்திருந்தது மரத்தில் அல்ல. தோலில். பூனைமயிர் படர்ந்த தோல். கம்பி கடித்த இடமெல்லாம் வெளுத்த பள்ளம். நெரிடா தொட்டதும் அது சிலிர்த்தது.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்த நேரத்திலும் கிளெம் மீதுதான் பயம். கொப்புக் கத்தரியால் ஒரு சுற்றை வெட்டினாள். அடுத்ததை. கடைசிச் சுற்று விழுந்ததும் ஒரு மூச்சு விடுபட்டது. அவளுடையது அல்ல.

பிக்கப் வண்டி உள்ளே வந்தது. கிளெம் பாதி தின்ற இறைச்சி பஃப்ஸோடு வந்து நின்றான்.

"உரிச்சியா?"

அவன் கத்தவில்லை. கோபத்தின் உச்சியில் அவன் கத்தமாட்டான். மண்டியிட்டுப் பார்த்தான்.

"என்னடி இது, பன்னித்தோல் மாதிரி?" கட்டைவிரலால் அழுத்தினான்.

தொங்கிய தாள் ஒன்று விரல்மேல் மடிந்தது. ஈரமாக. இன்னொன்று.

"ஏய், ஒட்டுது. இழு. மரம் மாதிரி நிக்காத!"

அவள் நின்றாள்.

"நெரிடா. கண்ணு. கத்தரிய எடும்மா, விளையாடாத."

மணிக்கட்டு. முழங்கை. தட்டு வற்றிக்கொண்டே போனது. மிடறு. மிடறு. அவன் அலற வாயைத் திறந்தபோது ஒரு தாள் வந்து சாத்தியது. நெரிடா வாளியைத் தூக்கினாள். தட்டை நிரப்பினாள். மறுபடி நிரப்பினாள்.

வெயில் சாய்ந்தபோது மேசையடியில் காலணிகள் மட்டும் கிடந்தன. அடிமரம் சற்றுப் பருத்திருந்தது. அதன் முன்பக்கத்தில், பட்டையைப் பிளந்துகொண்டு ஒரு கை. பிறந்த குழந்தையின் கை அளவு. விரிந்து, மூடி, விரிந்து.

கண்காட்சியில் நடுவர்கள் நின்று பார்க்கும் தூரத்தில் போய் நின்று பார்த்தாள். நேராக அவள் முகத்தை நோக்கித்தான் நீண்டிருந்தது. பார்ப்பவர் கண்ணைக் குத்துகிற கிளையை வைத்திருக்கக்கூடாது. போன்சாய்ச் சங்கத்தில் சேர்ந்த எவரும் முதலில் படிப்பது அது.

அருகே போனாள். கை அவள் விரலை இறுகப் பற்றியது. பட்டைக்குள்ளிருந்து கொசுவின் ரீங்காரம் போல ஒரு குரல் வந்தது.

"வேணாம்டி."

"அசையாத," என்றாள். வெட்டினாள்.

கத்தரியைத் துடைத்து நிமிர்வதற்குள் வெட்டிய இடம் உப்பியது. பிளந்தது.

மூன்று கைகள். மூன்றும் அவளை நோக்கி.

கத்தரியை விரித்தாள்.