பளபளப்பான குழாய்

அந்த அக்கா ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் உடனே உட்கார மாட்டார். கூடத்தின் நடுவில் நின்று, மூக்கை உயர்த்தி, இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். சிகரெட் புகை, கொசுவத்தி, சென்ட், ஈரச் சுவர் எதுவும் அந்த மூக்குக்குத் தப்பாது. அதனால் குடியிருப்புப் பிள்ளைகள் அவருக்கு மோப்பக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வருவதுதான் அவர் வேலை. சுகாதார நிலையத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வருவார். மூன்றாம் மாடிக்கு அவர் வந்தது சின்னவனுக்காக. சின்னவனுக்கு ஏழு வயது. அவனுடைய அக்கா பெரியவளுக்குப் பத்து.

"ஊதுடா ராஜா, மூச்சக் கட்டி ஒரே ஊது!"

சின்னவன் மூச்சின் வேகத்தைக் காட்டும் அளவுக்கருவியில் ஊதினான். உள்ளே இருந்த சிவப்பு முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது.

"நூத்தி அம்பது. போன தரமும் இதே, அதுக்கு முந்தியும் இதே," என்றார் மோப்பக்கா. "கட்டிலுக்கு அடியில பாத்துட்டேன், அலமாரிக்குப் பின்னால பாத்துட்டேன். ஒரு பொட்டுத் தூசி இல்ல. இது வீடா, ஆபரேஷன் தியேட்டரா? குறை சொல்ல எனக்கு ஒண்ணுமே கிடைக்கலையேம்மா!"

"குறை வீட்டுல இல்லக்கா, இவன்கிட்டதான்," என்றார் அம்மா. "மருந்த இழுன்னா பராக்குப் பாக்குறான். உள்ள வாங்குறதே இல்ல."

"வாங்குறேன்மா!"

"வாங்குனா ஏன்டா நம்பர் ஏறல?"

சின்னவன் அளவுக்கருவியின் முள்ளை விரலால் பின்னுக்குத் தள்ளினான்.

"அடுத்த தரமும் ஏறலன்னா டாக்டர்கிட்ட சொல்லி மருந்தக் கூட்ட வேண்டியிருக்கும்," என்றார் மோப்பக்கா. "அதுவரைக்கும் ஓட்டம் ஆட்டம் வேண்டாம்."

கீழே பந்து விளையாடும் சத்தம் கேட்டது. சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் மருந்து நேரம். சாண் நீளப் பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகி அழுத்தினால் மருந்துத் துளிகள் பனிபோல் உள்ளே பரவும். மறுமுனையை வாயில் வைத்துக்கொண்டு மூச்சை மெதுவாக இழுத்து விட வேண்டும்.

"நான் ஏமாத்துறேன்னு நீயும் நினைக்கிறியா?" என்று கேட்டான் சின்னவன்.

"இரு, பாத்துட்டுச் சொல்றேன்."

பெரியவள் அவன் நெஞ்சுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெஞ்சு ஏறியது, இறங்கியது. விரல் விட்டு எண்ணினாள். மோப்பக்கா சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை.

"நீ சரியாத்தான் இழுக்குற."

"அதத்தான் நானும் கத்திக்கிட்டே இருக்கேன்!"

இவன் சரியாக இழுக்கிறான் என்றால் மருந்து எங்கே போகிறது? பெரியவளுக்கு அன்று வீட்டுப்பாடத்தில் மனமே போகவில்லை.

மறுநாள் பள்ளி விடுமுறை. பெரியவள் தரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் படத்துக்காக வண்ணக் காகிதத்தைப் பொடிப்பொடியாக வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா, கழுவிக் கொண்டுவந்த குழாயை உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் அழுத்தித் தேய்த்தார். தினமும் அப்படித்தான். கண்ணாடிபோல் பளபளக்கும்வரை விட மாட்டார்.

குழாயைத் தரையில் வைத்ததும் நாலைந்து காகிதத் துண்டுகள் துள்ளிப் போய் அதில் ஒட்டிக்கொண்டன.

"பாரு, உன் குப்பையெல்லாம் இதுலதான்!" அம்மா தட்டிவிட்டார். அவை மறுபடியும் ஒட்டின.

பெரியவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வகுப்பில் பிள்ளைகள் பிளாஸ்டிக் ஸ்கேலைத் தலையில் தேய்த்துக் காகிதத்தைத் துள்ள வைப்பார்கள். தேய்த்தால் பிளாஸ்டிக் எதையும் இழுக்கும். காகிதத்தையே இழுக்கிறதென்றால், காகிதத்தைவிட லேசான மருந்துத் துளி?

அம்மாவிடம் கேட்க வாய் வரை வந்தது. அம்மா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எங்காவது கறை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் வாயை மூடிக்கொண்டாள்.

அன்று மோப்பக்கா முதல் மாடியில் ஒரு குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். பெரியவள் படிக்கட்டில் காத்திருந்து மடக்கினாள்.

"அக்கா, குழாயத் துணியால துடைச்சா மருந்து அதுலயே ஒட்டிக்குமா?"

மோப்பக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கம்மா துடைக்கிறாங்களா?"

"தினமும்."

"போச்சு! மருந்துல பாதி குழாய்க்குத்தான் போயிருக்கு. சோப்புத் தண்ணியில கழுவி, துடைக்காம அப்படியே காய விடணும். எல்லா வீட்டுலயும் சொல்லுவேன். உங்க வீட்டப் பாத்ததும், இவங்களுக்குப் போய் கழுவக் கத்துக்குடுக்கிறதான்னு விட்டுட்டேன்." அவர் எழுந்தார். "வா, இப்பவே சொல்லிடலாம்."

பெரியவள் அவர் பையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அம்மா துடைச்சதாலதான்னு சொல்லாதீங்க. தம்பிக்கு நல்லதுன்னுதான் அப்படித் தேய்க்கிறாங்க."

"அப்ப என்ன சொல்ல?"

"நீங்க சொல்ல மறந்ததச் சொல்லுங்க. அது உண்மைதானே?"

மோப்பக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். "உண்மைதான். கொஞ்சம் வலிக்கிற உண்மை," என்று படியேறினார்.

அதை அப்படியே சொல்லவும் செய்தார். அம்மா கேட்டுக்கொண்டே நின்றார். கையில் அந்தத் துணி இருந்தது.

"அப்போ, நான் துடைச்சுத் துடைச்சு..."

"மறந்தது நான்மா. திட்டுறதா இருந்தா என்னத் திட்டுங்க."

அம்மா யாரையும் திட்டவில்லை. துணியை மடித்து மேசைமேல் வைத்தார். அன்றிலிருந்து குழாய் ஜன்னலோரம் நின்று, சொட்டுச் சொட்டாகத் தானே காய்ந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவார்.

பதினைந்து நாள் கழித்துச் சின்னவன் ஊதினான். முள் நூற்றைம்பதைத் தாண்டி ஓடியது.

"இருநூறு!" என்றார் மோப்பக்கா. "டாக்டர் எழுதின மருந்தே போதும். விளையாடலாம்."

அம்மா சின்னவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"ஒழுங்காத்தான்டா இழுத்திருக்க," என்றார் மெதுவாக.

"என்னம்மா? கேக்கல."

"ஒழுங்காத்தான் இழுத்திருக்கன்னு சொன்னேன்!"

"போன மாசமும்?"

"போன மாசமும்தான், என் சாமி."

சின்னவன் பெரிய மனுஷன்போலத் தலையாட்டினான். பிறகு செருப்பைக்கூடத் தேடாமல் கீழே பாய்ந்தான்.