முழு வட்டம்

அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்தான். பல் துலக்கினான். தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் துணைவிமானியின் பட்டைகளைச் செருகினான். ஒரு கோப்பைத் தண்ணீர் கொதிக்க வைத்து, காப்பித்தூளைக் கரைத்து, நின்றபடியே குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். லிஃப்டுக்குள் போய்த் தரைத்தளத்துக்கான பொத்தானை அழுத்தினான்.

கதவுகள் மூடத் தொடங்கி, பாதியில் நின்று, மறுபடி திறந்தன. ஓடி வருகிறவர் யாராவது கையைக் குறுக்கே நீட்டினால் திறக்குமே, அப்படி. தாழ்வாரத்தில் யாரும் இல்லை. ஓர் ஆள் ஏறிக்கொள்ளும் நேரம் லிஃப்ட் பொறுத்திருந்தது, பிறகு மூடிக்கொண்டது. பழைய லிஃப்ட். அவன் அதைப் பற்றி எதுவும் நினைக்கவில்லை. எதைப் பற்றியும் எதுவும் நினைக்காமல் இருக்க நன்றாகவே பழகியிருந்தான்.

மனைவி போன பிறகு பைக்கை விற்றுவிட்டான். காரையும் தொடுவதில்லை. கம்பெனி வேனில்தான் போவது, வருவது. கேட்டவர்களிடம் பெட்ரோல் விலை என்றான். உண்மையில் கண்ணாடிகள்தான் காரணம். அன்று சாயங்காலம் மெக்கானிக்கிடமிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் வந்தான், அவள் தன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். கண்ணாடிக்குள் அவளுடைய விளக்கு ஆடி ஆடி வந்துகொண்டே இருந்தது. ஒரு வளைவு வந்தது. அது முடிந்தபோது கண்ணாடிக்குள் சாலை மட்டும் இருந்தது. அடுத்த சிக்னல் வரை அவன் விசிலடித்துக்கொண்டு போனான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "நல்லவேளை, நீயாவது தப்பிச்சே" என்றார்கள். நல்லவேளை. அந்தச் சொல்லை அவன் இன்னும் மென்றுகொண்டிருக்கிறான். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

விமானத்தில் பின்னால் பார்க்கும் கண்ணாடி கிடையாது. அந்த வேலை அவனுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம். விமானியின் இருக்கையில் உட்கார்ந்தால் உலகம் முழுவதும் முன்னால்தான் இருக்கிறது. நீண்ட விடுப்புக்குப் பிறகு சிமுலேட்டர் தேர்வில் ஒருமுறை தோற்றாகிவிட்டது. இன்று இரண்டாவது முறை. மூன்றாவது முறை என்று ஒன்று இல்லை. தோற்றால் ஏதாவது ஓர் அலுவலக அறையில் மேசை போட்டுக் கொடுத்துவிடுவார்கள், பரிதாபப்பட்டு.

பயிற்சி மையத்தில் அவனோடு பறக்க வேண்டிய சக துணைவிமானி ஏற்கெனவே வந்திருந்தான். வாய் ஓயாததால் ஊரே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும்.

"வாடா மச்சான். தூங்கினியா? மூஞ்சியப் பாத்தா நேத்துலேர்ந்து இங்கயே நிக்கிற மாதிரி இருக்கே."

"தூங்கினேன்."

"பொய். சரி, கேட்டுக்கோ. இன்னிக்கி கத்திரிதான் எக்ஸாமினர். காலையிலேயே சிரிச்சாராம். சிரிச்சா யாரையோ வெட்டப் போறார்னு அர்த்தம். என்னை வெட்டினா ஒண்ணும் ஆகாது, எங்கப்பா கடை இருக்கு, போய்க் கல்லாவுல உக்காந்துடுவேன். உனக்கு?"

அவன் அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ரேடியோவே அவன் தோளைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தான். அவர்கள் உள்ளே போன பிறகும் தானியங்கிக் கண்ணாடிக் கதவு திறந்தே நின்றது. பிறகுதான் மூடியது.

சிமுலேட்டர் என்பது ஆறு இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி. உள்ளே அச்சு அசலாக விமானியறை. சூடேறிய மின்கம்பிகளின் வாசனை, பழைய கம்பளத்தின் வாசனை, இதற்கு முன்னால் இங்கே வியர்த்தவர்கள் எல்லாருடைய வாசனையும் கலந்து ஒரு மூடிய பெட்டியின் மூச்சாக அடித்தது. கத்திரி பின்னால், தன் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, வெளியே இருந்த காலைப் பொழுதை அணைத்துவிட்டு நடுராத்திரியைப் போட்டார். முன்கண்ணாடி கறுத்தது. அவர்கள் ஏறி வந்த நடைபாலம் விலகியது. பெட்டி ஒரு பெருமூச்சோடு கால்களில் எழுந்து நின்றது.

புறப்பாடு நன்றாக இருந்தது. அவனுக்கு முன்னால் இருந்த வழிகாட்டித் திரையில், அடியில் ஒரு சின்ன முக்கோணம், அது அவர்களுடைய விமானம். அதிலிருந்து கிளம்பி மேலே போகும் பச்சைக் கோடு, போக வேண்டிய வழி. அதற்கு மேல் விசிறிபோல ஓர் அரை வட்டம். அந்த அரை வட்டத்தில் முன்னால் இருப்பவை மட்டும் தெரியும். பின்னால் இருப்பது எதுவும் திரைக்குள் வராது. பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்கு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

"ஹோல்டிங் போடு" என்றார் கத்திரி. இறங்க இடம் இல்லாதபோது வானத்திலேயே ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவது. "என்ன தம்பி, இன்னும் அரை வட்டத்திலயே உக்காந்திருக்கே? சுத்துறப்போ முதுகுப் பக்கம் யாரு பாக்கறது, உங்க மாமாவா? முழு வட்டத்துக்கு மாத்து."

குமிழைத் திருகினான். முக்கோணம் திரையின் நடுவுக்கு வந்தது. முன்னும் பின்னும் பக்கமும் எல்லாம் தெரிந்தன.

பின்னால், வட்டத்தின் அடி விளிம்பில், சீட்டுக்கட்டு டைமண்ட் போல ஒரு வெள்ளைக் குறி. வெறும் கோட்டால் வரைந்தது. பக்கத்தில் 00. அதே உயரத்தில் இன்னொரு விமானம் என்று அர்த்தம்.

சிமுலேட்டரில் அப்படி ஒன்று தானாக வராது. எக்ஸாமினர் அனுப்பினால்தான் வரும். அனுப்பியிருந்தால் பார்த்தவன் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவன் தன் திரையிலும் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. அவன் ஓரக்கண்ணால் ரேடியோவின் திரையைப் பார்த்தான். ரேடியோ வேறொரு பக்கத்தைத் திறந்து எரிபொருள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், டிராஃபிக் ஏதாவது அனுப்பியிருக்கீங்களா?"

"இல்லியே. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

பின்னால் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. போன முறையும் அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் எல்லாம் சரிந்தது.

விமானம் திரும்பியது. முதல் வளைவு முழுவதும் அவன் திரையையே பார்த்தான். விமானம் திரும்பினால் பின்னால் இருந்தது பக்கவாட்டுக்கு நகர வேண்டும், வழக்கம் அது. இந்தக் குறி நகரவில்லை. அவர்கள் திரும்பத் திரும்ப அதுவும் திரும்பி, சரியாக முதுகுக்குப் பின்னாலேயே நின்றது. அவசரம் இல்லாமல், தொடர்ந்து வந்து பழக்கப்பட்டதுபோல, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தது. பிடரியில் ஏசியின் குளிர் பட்டது. அந்தக் குளிரில் பெட்ரோல் வாசனை இருந்தது. மழை விழுந்த தார் ரோட்டின் வாசனையும் இருந்தது.

"அங்கே என்ன பாக்கறே?" கத்திரியின் குரல் கூர்மையாக வந்தது. "சொல்லு. பின்னாடி யாராவது இருக்காங்களா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். திரையைப் படிக்கத் தெரிகிறதா என்று எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. இருக்கிறது என்றால், இல்லாததைப் பார்க்கிறவன் என்று எழுதுவார். அதோடு முடிந்தது. மேசை, நாற்காலி, பரிதாபம், கம்பெனி வேன் இல்லாமல் தினமும் வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டிய சாலைகள்.

"யாரும் இல்ல, சார்" என்றான். போதாதோ என்று தோன்றியது. "பின்னாடி யாருமே இல்ல."

வெறும் கோடாக இருந்த டைமண்ட் உள்ளுக்குள் வெள்ளையாக நிரம்பியது. கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம்.

"குட்" என்றார் கத்திரி.

அவன் குமிழில் கை வைத்தான். அரை வட்டத்துக்குப் போய்விடலாம். திருகினான். முழு வட்டமே நின்றது. மறுபடி திருகினான். குமிழ் சொடுக்கியது, திரை மாறவில்லை. வெள்ளை டைமண்ட் மஞ்சள் வட்டமானது. ஒலிபெருக்கியில் அந்த இயந்திரக் குரல் வந்திருக்க வேண்டும். ஜாக்கிரதை சொல்லும் குரல். வரவில்லை. சத்தம் போடாமல் வந்தது அது.

"நிறுத்தறேன், ஒரு நிமிஷம்" என்றார் கத்திரி. "திரும்பும்போது வேகத்தைக் கோட்டை விட்டியே, அதைப் பேசிடலாம்."

எல்லாம் உறைந்தன. முள் நின்றது. எண்கள் நின்றன. கண்ணாடிக்கு வெளியே தூரத்து விளக்குகள் மினுக்குவதை நிறுத்தின. பெட்டி அசையாமல் நின்றது.

"மச்சான், டீ வாங்கித் தரேன்னு சொன்னியே, அந்தக் கதை என்ன..." என்று ஆரம்பித்த ரேடியோ அவன் பக்கம் திரும்பினான். திரையைப் பார்த்தான்.

மஞ்சள் வட்டம் நகர்ந்துகொண்டிருந்தது.

ரேடியோ வாயை மூடிக்கொண்டான். அவனை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"நான் நிறுத்திட்டேன்பா" என்றார் கத்திரி, பின்னாலிருந்து, எரிச்சலாக. "எல்லாத்தையும் நிறுத்திட்டேன். இது ஏன் ஓடுது?"

அவர் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தும் சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா, இது ஏன்..."

அவர் அந்தக் கேள்வியை முடிக்கவில்லை. பேனா தரையில் விழுந்தது. உருண்டது. நின்றது.

மஞ்சள் வட்டம் சிவப்புச் சதுரமானது. 00. முக்கோணத்தின் வாலைத் தொட்டது. அதற்குள் நுழைந்தது. நின்றது.

பெட்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் அமிழ்ந்தது. ஒருவர் ஏறினால் ஸ்கூட்டர் அமிழுமே, அவ்வளவுதான். பின்னால் பார்வையாளருக்கென்று இருந்த காலி இருக்கை, தரையில் பதித்த தண்டவாளத்தில் நகர்ந்து வந்தது. சரியாக அவன் முதுகுக்குப் பின்னால்.

சின்னதாக ஒரு சொடுக்கு. ஹெல்மெட்டின் தாடைப்பட்டை அது. இத்தனை வருஷம் தினமும் வாசலில் கேட்ட சத்தம், தெரியாமல் போகுமா. முடியோடு உரசிக்கொண்டு ஹெல்மெட் கழன்றது. மெதுவாக. எங்கோ ஒட்டிக்கொண்டு, பிய்ந்து வருவதுபோல. தரையில் வைக்கப்பட்டது. உருண்டு வந்து அவன் குதிகாலில் இடித்து நின்றது. ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாக.

ரேடியோ அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை.

அவன் திரும்பவில்லை. கைகளால் கட்டுப்பாட்டுத் தடியைப் பிடித்தபடி முன்னால் இருந்த கறுப்பை மட்டும் பார்த்தான். காதுக்குப் பக்கத்தில் மூச்சு. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் அவள் கண்ணை மூடினாள் என்று மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறார். அவனும் தலையாட்டிவிடுகிறான். அப்படி எதுவும் இல்லை. மெக்கானிக் கடை வாசலில், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, கொஞ்சம் சலிப்போடு, அவள் சொன்னது இதுதான்:

"சும்மா திரும்பித் திரும்பிப் பாத்துட்டே ஓட்டாத. நீ போ. நான் பின்னாடியேதான் வர்றேன்."