பத்துக்கு ஏறி மூணுக்கு இறங்கி

"போகாதேன்னா போகாதே! உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொன்னவளுக்குப் பணிவிடை செய்யப் பறந்து போறியா?"

காலையிலேயே அவர் ஆரம்பித்துவிட்டார். அவள் பெட்டியை முட்டியால் அழுத்தி ஜிப்பை இழுத்து மூடினாள்.

"உங்க தங்கச்சிக்கு நாளன்னிக்கு ஆபரேஷன். பக்கத்துல உட்கார ஒரு ஆள் இல்லன்னு அவ வீட்டுக்காரர் போன்ல அழுதாரு. நான் போறேங்க... பயப்படாதீங்க, எதையும் சொல்லிட மாட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. பேச்சை மாற்ற டிக்கெட்டைக் கையில் எடுத்தார். பஸ் டிப்போவில் காலமெல்லாம் டைம் கீப்பராக இருந்தவர் அல்லவா!

"பத்துக்கு எடுத்து மூணுக்கு இறக்கறான். அஞ்சு மணி நேரம். இறங்கினதும் போன் பண்ணு."

மாமியார் இறந்த அன்றும் இதே கணக்குதான். தங்கை முதன்முதலில் அந்த வெளிநாட்டுக்குப் போன விமான டிக்கெட்டிலும் பத்து, மூணு என்றுதான் இருந்தது. போக எவ்வளவோ வரவும் அவ்வளவுதானே! "வர மனசிருந்தா இந்நேரம் வந்திருப்பா" என்று சாயங்காலமே உடலை எடுக்கச் சொல்லிவிட்டார். "விடியற வரைக்கும் பொறுங்க, பெத்த பொண்ணுங்க..." என்று அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினாள் அவள். கேட்டால்தானே!

மறுநாள் மத்தியானம் வந்து வாசலில் விழுந்து கதறிய தங்கையிடம், அந்த மனிதர் வாய் கூசாமல் சொன்னார்: "உங்க அண்ணிதான் அவசரப்படுத்தினா."

அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் போய் அண்ணனும் இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீடு ஏது? ஆறு வருஷமாகப் பழியைச் சுமந்தாள்.

விமானத்தில் சாப்பாடு வந்தது. தூங்கி எழுந்தாள், மறுபடியும் சாப்பாடு வந்தது. கீழே கடல் முடிவதாக இல்லை. ஒருவழியாக இறங்கியபோது சுவர்க் கடிகாரத்தில் மூணு, வெளியே சுள்ளென்று வெயில். அவள் கைக்கடிகாரத்திலோ ராத்திரி ரெண்டு!

பதினாறு மணி நேரம்... அப்படியானால் அன்றைக்கு மாமியாரை எடுத்தபோது அந்தப் பெண் நடு வானத்தில் அல்லவா இருந்திருக்கிறாள்!

வெளியே, கட்டாயப்படுத்திக் கூட்டி வந்த புருஷனோடு நாத்தனார் நின்றிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? எங்கம்மாவ ஒரு ராத்திரி வெச்சிருக்க மனசு வரலயே உங்களுக்கு!"

அதற்குள் நாத்தனாரின் போன் அடித்தது. எடுத்ததும் அண்ணனின் அலறல் அண்ணிக்கும் கேட்டது.

"அவ வந்துட்டாளா? மூணு மணிக்கு இறங்கணும், இங்க ராத்திரி ரெண்டாகுது! பிளேன் விழுந்துடுச்சோன்னு செத்துட்டிருக்கேன்..."

"இங்க இப்பத்தாண்ணா மூணு. பதினாறு மணி நேரம் ஆகுமே!"



"பதினாறா... அப்ப அன்னிக்கு நீ வழியிலயா இருந்தே? வர மனசில்லன்னு நெனச்சு நான்தாம்மா எடுக்கச் சொன்னேன்... அவ என் காலைப் புடிச்சு அழுதா. உன் முகத்தைப் பாக்க முடியாம பழிய அவ மேல போட்டேன்... பாவி நான்!"

நாத்தனார் அண்ணி பக்கம் திரும்பினாள். "ஏன் அண்ணி... ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா உனக்கு யாரு இருந்திருப்பாங்க?"

"அண்ணீ!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தையைப் போல் அழுதாள் நாத்தனார். அத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்தது அண்ணிக்கும் உடைந்துகொண்டு வந்தது.

போனில் அவர் தேம்பினார். "நீ எப்ப வருவே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"இவ ஆபரேஷன் முடிஞ்சு எழுந்து நடந்தப்புறம் வருவேன். அதுவரைக்கும் டிக்கெட்டப் பாத்து கணக்குப் போடாம இருங்க."

போனை வைத்துவிட்டு நாத்தனாரின் தோளை அணைத்துப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள்.