இரண்டு விரல் தூரம்

"என் குரலாலதான் ஒரு மனுஷன் கால் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, டாக்டர். எனக்கே இப்ப அப்படித்தான் தோணுது."

டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். காது மூக்கு தொண்டை டாக்டரின் அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்த மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். அவன் டாக்டரின் மனைவிக்குத் தம்பி. அக்கா கைச் சாப்பாட்டோடு அத்தானின் துப்பறியும் கிறுக்கையும் சேர்த்தே சகித்துக்கொள்பவன். டீச்சரையும் சேர்த்து மூன்று பேருமே துறைமுகத்து அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் உறுப்பினர்கள்.

புயல் நாளில் படகுகளோடு பேசுவது டீச்சரின் பொறுப்பு. போன ஞாயிறு சங்கச் செயலாளர் திடீரென்று ஒரு குரல் சோதனை வைத்தார். டீச்சர் சங்கத்து அறையில் தனியாக உட்கார்ந்து பேச, மற்றவர்கள் வீட்டிலிருந்து கேட்டார்கள். ஒரே கரகரப்பு, ஒரு சொல் விளங்கவில்லை. உடனே செயலாளர் தனியாக உள்ளே போய் அதே ரேடியோ செட்டில் பேசினார். கண்ணாடி மாதிரி கேட்டது. "செட்டு நல்லாத்தான் இருக்கு. பொம்பளக் குரல் ரேடியோவுக்கு எடுபடாது, அவ்வளவுதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாளே புயல். ஒரு படகோட்டியின் கால் இயந்திரத்தில் சிக்கிக்கொண்டது. டீச்சர் இடத்தைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். மீட்புப் படகு எதுவும் புரியாமல் எங்கெங்கோ சுற்றியது. கண்டுபிடிப்பதற்குள் நேரமாகி, ஆஸ்பத்திரியில் அவர் காலை எடுத்துவிட்டார்கள்.

"நாளைக்குக் கூட்டம். என்னை நீக்கிட்டு செயலாளர் பையனைப் போடப் போறாங்க. பொறுப்பு போனா போகட்டும். அந்தப் படகோட்டி முகத்துல எப்படி முழிப்பேன்?"

"புரியலன்னு சொன்னதும் என்ன பண்ணீங்க?" என்றார் டாக்டர்.

"இன்னும் சத்தமாப் பேசினேன். மைக்குக்கும் வாய்க்கும் ரெண்டு விரல் தூரம், அதைத் தாண்டக் கூடாதுன்னு செயலாளர்தானே எங்க மண்டையில ஏத்தினாரு! அந்த ரெண்டு விரலை நான் விடவே இல்ல."

டாக்டர் தலையசைத்தார். அவர் திரும்புவதற்குள் மச்சான் கைபேசியை நீட்டிவிட்டான். சோதனையை அவன் பதிவு செய்து வைத்திருந்தான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டார்.

"உனக்கு என்ன கேக்குது, மாப்ளே?"

"டீச்சர் பேச்சு கரகரங்குது. நடுநடுவே ஜன்னல் புறா குனுகுது. செயலாளர் பேசுறப்பவும் புறா. குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி கொஞ்சம் எதிரொலி. ஆனா வார்த்தை சுத்தம்."

"போன மாசம் டீச்சர் பேசினது?"

மச்சான் அதையும் தேடிப் போட்டான். "புறாவே இல்ல! அன்னிக்கு அதுங்களுக்கு லீவா, அத்தான்?"

"புறாவுக்கு ஏதுடா லீவு? நாளைக்குச் சீக்கிரமே கிளம்பலாம்."

மறுநாள் சங்கத்து அறையில் எல்லாரும் கூடியதும் டாக்டர் செட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மைக்கின் ஒலியைக் கூட்டும் குமிழ் கடைசி வரை திருகியிருந்தது.

"இப்படி வெச்சா அறையோட அந்தக் கோடியில இருக்கிற புறா கூட ஒலிபரப்பாகும். ரெண்டு விரல் தூரத்துல பேசினா குரல் உடைஞ்சு கூழாயிடும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் மோசம்."

"பெருக்க வர்ற அம்மா துடைக்கும்போது திரும்பியிருக்கும்" என்றார் செயலாளர். துளிகூடத் தடுமாறவில்லை.

சீ, பழியை ஏழை ஒருத்தி தலையில் போடுகிறானே பாவி என்று மச்சானுக்குக் குமட்டியது. இத்தனை நாள் இந்த ஆளுக்கு எழுந்து நின்று வணக்கம் வேறு வைத்திருக்கிறான்!

"இருக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா நீங்க பேசின பதிவுலயும் புறா இருக்கு. அப்பவே குமிழ் ஏறித்தான் இருந்தது. ரெண்டு விரல்ல பேசியிருந்தா உங்க குரலும் உடைஞ்சிருக்கணும். உடையல. எதிரொலி வேற கேக்குது. ஊருக்கெல்லாம் ரெண்டு விரல் பாடம் நடத்தின நீங்க, அன்னிக்கு மட்டும் ஏன் மைக் பொத்தானைப் பூட்டி வெச்சுட்டுச் சுவரோரமாத் தள்ளி நின்னு பேசினீங்க?"

செயலாளர் கைக்குட்டையைத் தேடினார். "பையனுக்காகத்தான் திருகி வெச்சேன்... கூட்டம் வரைக்கும்தான்னு நெனச்சேன். புயல் வரும்னு யாருக்குத் தெரியும்?"

"வந்தப்புறம் தெரியுமே?" என்றார் டாக்டர். " டீச்சர் கத்துனதை வீட்டுல கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க? ரெண்டு தெரு தள்ளிதான் உங்க வீடு. வந்து ஒரு திருகு திருகியிருக்கலாம்."

மச்சானுக்கு அந்த ஆள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவர் பையனோ அப்பாவைப் பார்க்காமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

"மன்னிச்சிடுங்க டீச்சர். மனசுல வெச்சுக்காதீங்க" என்று செயலாளர் கையை நீட்டினார்.

டீச்சர் அந்தக் கையைத் தொடவில்லை. குமிழைத் திருப்பிப் பழைய இடத்தில் வைத்தார். மைக்கை எடுத்து செயலாளர் வாயருகே, சரியாக இரண்டு விரல் தூரத்தில் பிடித்தார்.

"என்கிட்ட எதுக்கு? ஆஸ்பத்திரியில அந்தப் படகோட்டி பக்கத்துல டாக்டர் காலையில கொண்டு வெச்ச ஒரு செட்டு இருக்கு. எல்லாப் படகும் இப்பக் கேட்டுக்கிட்டு இருக்கு. அவருக்குச் சொல்லுங்க. இனிமே தெளிவாக் கேக்கும்."

டீச்சர் மைக்கின் பொத்தானை அழுத்தினார். செயலாளரின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. டீச்சர் பொத்தானை விடவில்லை.